எப்படிக் கெடும் என்று கேட்ட அக்கா

உச்சிப்புளிச் சந்தையில் பானை விற்கிறவருக்கு அந்த அக்காவைக் கண்டாலே எரிச்சல் வரும். விலை கேட்பதற்கு முன்னால் அக்கா பானையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்பாள்.

"இது எப்படிக் கெடும்?"

"கெடாதுத்தா. கல்லு மாதிரி நிக்கும்."

"கல்லும்தான் கெடுது. இது எப்படிக் கெடும்? அடியில மெல்லக் கசியுமா, அடுப்புல இருக்கையில பொளக்குமா?"

"நீ பானை வாங்க வந்தியா, பானைக்குக் கருமாதி பண்ண வந்தியா?"

சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். ஆனால் பதில் வருகிறவரை பானையைக் கீழே வைக்க மாட்டாள். கெடவே கெடாது என்று சத்தியம் செய்கிறவரிடம் அவள் எதையும் வாங்கியதில்லை. "கசியும்த்தா, ஒரு வருசத்துல அடி கசியும்" என்று அலுத்துக்கொண்டு சொன்னால், உடனே வாங்கிவிடுவாள். வாங்கிய பிறகு அது கசிந்தால் ஒரு சொல் குறை சொல்ல மாட்டாள்.

அவளுடைய பெயரை எழுதலாமா என்று நான் நிறைய யோசித்தேன். எழுதினால் அவள் பிள்ளைகள் வருத்தப்படுவார்களோ, எழுதாவிட்டால் மரியாதைக் குறைவாகுமோ என்று இரண்டு பக்கமும் தோன்றியது. எழுதாமல் விடுகிறேன். அக்கா என்றே இருக்கட்டும்.

கல்யாணமான புதிதில் என் கணவருக்கு உச்சிப்புளிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் குடியிருப்பில் பள்ளிக்கூட வேலை. எல்லாம் கிறிஸ்தவ மீனவக் குடும்பங்கள். நான் கடலாடிப் பக்கம், விவசாய வீட்டில் பிறந்து பத்தாவது வரை படித்தவள். கடலைப் பார்த்தாலே பயம். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அக்காவுடையது. அவளுக்கு அப்போது நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கணவர் கொழும்புக்குப் போனவர். முதலில் துணியும் தேயிலையும் அனுப்பினார், பிறகு சேதி மட்டும், பிறகு அதுவும் இல்லை. சண்டையோ வருத்தமோ எதுவும் நடக்கவில்லை என்பார்கள். அக்கா அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

அவள் மகளைப் பெண் பார்க்கப் பாம்பனிலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல பையன், சொந்தமாக வள்ளம் வைத்திருந்தான். பலகாரம் வைத்த கையோடு அக்கா அவனிடமே கேட்டுவிட்டாள்.

"தம்பி, ஒங்களுக்குக் கோவம் வந்தா என்ன செய்வீக?"

பையன் பணிவாகச் சொன்னான். "ஒண்ணும் செய்ய மாட்டேன் அத்தை. பேசாம இருந்துருவேன்."

அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்தது. அடுத்து வந்தவன் தலையைச் சொறிந்தான். "கத்துவேன். கையில அகப்பட்டதைப் போட்டு ஒடைப்பேன்."

"ஆள் மேல?"

"ஐயோ, ஆள் மேல கை வைக்க மாட்டேன். எங்காத்தா என்னைக் கொன்னுருவாக."

"சரி. பானை வேற வாங்கிக்கலாம்" என்று அக்கா அவனுக்கே பெண்ணைக் கொடுத்தாள். ஊரே மூக்கில் விரலை வைத்தது. நானும்தான். அந்தப் பெண் இன்றுவரை சிரித்துக்கொண்டே வருசத்துக்கு நாலைந்து பானை வாங்குகிறாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் அந்த வண்டி இருந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பட்டாளத்து வண்டிகளை ஏலம் விட்டபோது, பர்மா வரை வண்டி ஓட்டிவிட்டு வந்திருந்த அவள் தம்பி மதுரையில் எடுத்துவந்தது. முன்பக்கம் குட்டையாக, பின்னால் திறந்த தொட்டியோடு இருக்கும். முன் சக்கரங்களுக்கும் இஞ்சினிலிருந்து விசை போகும் என்பதால் மணலில் ஓடும் என்று வாங்கினார்கள். தம்பி ஓட்டுவான், அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். போகும்போது கருவாட்டுச் சிப்பம். வரும்போது டிரம் டிரம்மாக நல்ல தண்ணீர்.

அந்தத் தண்ணீர்தான் ஊருக்கு உயிர். மழைக்காலத்தில் மணலைத் தோண்டினால் இனிப்பாக ஊறும். கோடை வந்தால் அதே ஊற்று உப்பாகிவிடும். உச்சிப்புளிப் பக்கம் பனங்காட்டுக்குள் ஒரு நல்ல கிணறு உண்டு. வண்டி வருவதற்கு முன்னால் பெண்கள் அங்கே நடந்து போய்ச் சுமந்து வந்தார்கள்.

எனக்கு மகள் பிறந்த வருசம் தாய்ப்பால் போதவில்லை. டின் பால் கரைத்துக் கொடுக்கவேண்டியதாயிற்று. உப்புத் தண்ணீரில் கரைத்தால் பாப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது, பேதியாகும். தண்ணீரைக் கொதிக்கவைப்பேன், போதுமா என்று மறுபடி கொதிக்கவைப்பேன், ஆறவைத்துவிட்டு ஈ விழுந்திருக்குமோ என்று கொட்டிவிட்டு மூன்றாவது முறை வைப்பேன். அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏத்தா, தண்ணியே செத்துப்போயிருக்கும், விடு" என்பாள்.

அந்த வருசம் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று மிகவும் கடுமையாக அடித்தது. ஊருக்கும் சாலைக்கும் நடுவே இருந்த மணல் மேடு நகர்ந்து வண்டித் தடத்தின் மேல் ஏறிவிட்டது. வண்டி தினமும் புதைந்தது. புதைந்த வண்டியைக் கிளப்ப ஒரே வழிதான், பாரத்தைக் குறைக்கவேண்டும். பாரம் என்றால் தண்ணீர். அத்தனை தூரம் கொண்டுவந்த நல்ல தண்ணீரை மணலில் கவிழ்ப்பார்கள். அது சுர்ரென்று உள்ளே போவதைப் பெண்கள் குடத்தோடு நின்று பார்ப்பார்கள்.

ராமநாதபுரத்திலிருந்து மெக்கானிக் ஒருவரை அக்கா வரவழைத்தாள். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்துவந்து, பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் போல இருந்த இரும்பு உருண்டையைத் தட்டிக் காட்டினார்.

"இதுதான் டிப்ரன்சல். வளைவுல ஒரு சக்கரம் கூடச் சுத்தணும், ஒண்ணு கொறையச் சுத்தணும், அதுக்காக உள்ள பல்லு வச்சிருக்கான். ரோட்டுக்கு அது சரி. மணல்ல எந்தச் சக்கரம் பிடிப்பு இல்லாம லேசாச் சுத்துதோ, அதுக்கே எல்லா விசையையும் குடுத்துரும். பிடிச்சு நிக்கிற சக்கரம் சும்மா நிக்கும்."

"அப்ப நிக்கிறவனுக்குச் சோறு இல்ல. ஆடுறவனுக்குத்தான் சோறு" என்றாள் அக்கா.

"நம்ம ஊர்க்கூட்டம் மாதிரி" என்றார் பக்கத்தில் நின்ற சம்மாட்டி. பெரிய வள்ளத்துக்குச் சொந்தக்காரர், அக்காவுக்குச் சித்தப்பா முறை.

"இதைப் பூட்டிரலாம்" என்றார் மெக்கானிக். "பூட்டு போட்டா ரெண்டு சக்கரமும் சேந்துதான் சுத்தும். ஒண்ணு வெறுமனே ஆட முடியாது. பூட்டுல மூணு தினுசு இருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடலுக்குப் போகாத நாள், கோயில் பூசை முடிந்ததும் அக்கா எல்லோரையும் வண்டிப் பக்கம் கூப்பிட்டாள். மெக்கானிக் சென்னையிலிருந்து தருவித்திருந்த இங்கிலீஷ் படப் புத்தகத்தை நான் வாசித்துத் தமிழில் சொல்லவேண்டும் என்றாள். தப்பாகச் சொல்லி வண்டியைக் கெடுத்துவிடுவேனோ என்று எனக்குப் பயம். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொன்னேன்.

முதல் தினுசு, உள்ளே இருக்கிற பல்லையெல்லாம் ஒன்றாகப் பற்றவைத்துவிடுவது. எளிது, எந்நேரமும் பூட்டியே இருக்கும். இரண்டாவது, ஓட்டுகிறவர் கம்பியை இழுத்தால் பூட்டும், விட்டால் திறக்கும். மூன்றாவது தானாகவே பூட்டிக்கொண்டு வளைவில் தானாகவே விட்டுக்கொடுப்பது. அது உடைத்துப்போட்ட ஒரு பட்டாளத்து லாரியில் இருப்பதாக மெக்கானிக் சொன்னார்.

"கம்பிதான் நல்லது" என்றான் தம்பி. "என் கையில இருக்கும். வேணும்னா பூட்டுவேன், வேணாம்னா விடுவேன்."

"பத்தவச்சிரு, சோலி முடிஞ்சது" என்றார் சம்மாட்டி.

"நீ சொல்லுத்தா" என்று அக்கா என்னைக் கேட்டாள். நான் கம்பி என்றேன். பிறகு, ஒருவேளை தானாகப் பூட்டுவது என்றேன். பிறகு எனக்குத் தெரியவில்லை என்றேன். அக்கா மூன்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு மெக்கானிக்கைப் பார்த்தாள்.

"ஒவ்வொண்ணும் எப்படிக் கெடும்? அதைச் சொல்லுங்க."

அவர் கெட்டிக்காரர், கோபித்துக்கொள்ளவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து யோசித்தார். "பத்தவச்சா, தார் ரோட்டு வளைவுல முறுக்கு விழுந்து ஒருநாள் அச்சு முறியும். கம்பி இருக்கே, அதுல மணல் ஏறும். இழுத்தாப் பூட்டுன மாதிரி இருக்கும், பூட்டியிருக்காது. புதைஞ்ச பெறகுதான் தெரியும். தானாப் பூட்டுறது சத்தம் போடும். டக்கு டக்குன்னு அடிக்கும், வளைவுல வண்டி துள்ளும். கெடும்போது அதைவிடக் கூடச் சத்தம் போட்டுக் கெடும்."

"வேற?"

"சரிவுல குறுக்க ஓட்டுனா வண்டி வால் கீழ்ப்பக்கமாச் சரியும். ஒரு சக்கரமாவது பிடிச்சு நின்னாச் சரியாது. இதுல ரெண்டும் சேந்து சுத்துறதால ரெண்டும் சேந்து வழுக்கும்."

"சரியிறப்ப என்ன செய்யணும்?"

"பிரேக்கைத் தொடக்கூடாது. மேல ஏத்தப் பாக்கக்கூடாது. கீழ்ப்பக்கம் திருப்பி, அது போற வழியிலயே எறக்கிறணும்."

அக்கா மணல் மேட்டைப் பார்த்தாள். "சத்தம் போடுறதையே போடுங்க" என்றாள்.

தம்பிக்குத் தாங்கவில்லை. "அக்கா, அது சரியும்னு அவரே சொல்றாருல்ல!"

"அதான் சொல்லிட்டாருல்ல. எங்கிட்டு விழும்னு தெரிஞ்சா அங்கிட்டு என்ன இருக்குன்னு பாத்துக்கிருவோம்."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. நானாக இருந்தால் அன்றிரவு முழுக்கக் கம்பியா, தானாகப் பூட்டுவதா என்று புரண்டிருப்பேன். உண்மையில் புரண்டேன், என் வண்டி இல்லாதபோதும்.

பூட்டு பொருத்துவதற்குள் அக்கா பனைமட்டையோடு மேட்டின் சரிவெல்லாம் நடந்தாள். சரிவுக்குக் கீழே உப்புச் சேறு. மட்டையை ஊன்றினால் முழங்கால் ஆழம் போகும். ஓரிடத்தில் மட்டும் சிப்பியும் கிளிஞ்சலும் படிந்து கெட்டியான திட்டு ஒன்று ஊர்ப்பக்கமாக நீண்டிருந்தது. சரிந்தால் அங்கேதான் சரியவேண்டும் என்று அதற்கு நேர் மேலே அடையாளமாக உடைமரக் கிளைகளை ஊன்றினாள். மணல் தள்ள வருகிற ஆண்களைக் கூப்பிட்டுச் சொல்லிவைத்தாள். "வால் சரியிற பக்கம் ஒருத்தனும் நிக்கக்கூடாது." எல்லோரும் சரி என்றார்கள்.

பூட்டோடு வண்டி முதல் தண்ணீர் எடுத்த அன்று நானும் அதில் இருந்தேன். வண்டி ஓடாத நாட்களில் ஊற்றுத் தண்ணீர் கொடுத்துப் பாப்பாவுக்கு மறுபடி பேதி, ராமநாதபுரம் போய்க் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, "மருந்தைவிட நல்ல தண்ணீர்தான் முக்கியம். காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டே இரு. நிறுத்தினால் பிள்ளை தாங்காது" என்று சொல்லியிருந்தார். கொண்டுபோன பாட்டிலில் அடிமட்டம்தான் மிச்சம். பாப்பாவின் உதடு உலர்ந்து வெளுத்திருந்தது. அழக்கூட இல்லை. அழுதால் நன்றாயிருக்கும் என்று இருந்தது.

சரிவு வந்ததும் அக்கா என்னை இறக்கிவிட்டாள். "மேல நில்லு." அவள் இறங்கவில்லை. தம்பிக்குப் பக்கத்தில், சரியப்போகிற பக்கத்து இருக்கையில் அப்படியே இருந்தாள்.

வண்டி டக் டக்கென்று அடித்துக்கொண்டு ஏறியது. இரண்டு சக்கரமும் சேர்ந்து மணலைக் கடித்தன. முன்பு புதைந்த இடத்தை வழக்கமான சாலைபோலத் தாண்டியது. மணல் தள்ள வந்து நின்ற ஆண்கள் கூவினார்கள். உடைமரக் கிளைகளுக்கு நேராக வந்தபோது, மெக்கானிக் சொன்னது போலவே வால் மெல்லக் கீழே நழுவியது.

அப்போதுதான் அது நடந்தது. வள்ளத்தைக் கரையேற்றும்போது அது ஒரு பக்கம் சாய்ந்தால், சாய்கிற பக்கம் ஓடித் தோள் கொடுப்பார்கள். சின்ன வயதிலிருந்து அந்த ஊரில் எல்லோருக்கும் உடம்பில் ஏறிய பழக்கம் அது. சாய்கிறதை விட்டு விலகி நிற்கிறவனை ஆளாகவே மதிக்க மாட்டார்கள். வண்டி சாய்ந்ததும் சம்மாட்டி முன்னால் ஓடினார். "ஏலே, தோள் குடு!" அத்தனை பேரும் கீழ்ப்பக்கம் பாய்ந்து தொட்டிக்கு அடியில் தோளைக் கொடுத்துவிட்டார்கள்.

"வெலகுங்க! வெலகுங்கடா!" என்று அக்கா கத்தினாள்.

யாராலும் விலக முடியவில்லை. ஒருவன் விலகினால் அவன் பாரம் அடுத்தவன் மேல் இறங்கும். தம்பி இஞ்சினை நிறுத்தினான். கீழ்ப்பக்கம் திருப்பினால் ஆட்கள் மேல்தான் ஏறும். அவர்கள் கால் கணுக்கால்வரை மணலில் இறங்கிக்கொண்டிருந்தது.

அக்கா மேல்பக்கமாக இறங்கித் தொட்டிக்குள் ஏறினாள். கீழ்ப்பக்கத்து டிரம்மின் மூடியைத் திறந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, பாப்பாவுக்கு ஒரு டிரம்மாவது!" என்று கத்தினேன்.

அவள் திரும்பவில்லை. "கீழ ஆள் இருக்கு" என்றாள். டிரம்மைக் கவிழ்த்தாள். நல்ல தண்ணீர் அவர்கள் தலையிலும் தோளிலும் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டு, வாயில் வழிந்ததைக்கூட விழுங்காமல் நின்றார்கள். கீழ்ப்பக்கத்தை முடித்துவிட்டு மேல்பக்கத்து டிரம்களையும் திறந்தாள். கடைசி டிரம்மைக் கவிழ்க்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். பானை வாங்கும்போது இருக்கிற அதே முகம்தான். எனக்கு அவளைக் கண்டு பயமாக இருந்தது.

இலேசான வண்டியைத் தோளாலேயே நிமிர்த்திவிட்டார்கள். தம்பி பின்னுக்கு எடுத்துத் தடத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். ஆண்கள் நனைந்துபோய் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்கள். சம்மாட்டி என் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"திருப்பு" என்றாள் அக்கா.

"எங்க?"

"கிணத்துக்கு."

மறுபடி டிரம் நிறைந்து வண்டி வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கூடப் போயிருந்த நான் கிணற்றடியிலேயே கல் கூட்டிக் கொஞ்சம் தண்ணீர் காய்ச்சிப் பாப்பா வாயில் விட்டுப் பார்த்தேன். அவசரத்தில் சரியாகக் கொதித்ததோ இல்லையோ. இரண்டு மடக்கு இறங்கியது, மூன்றாவது வெளியே வந்தது. இன்னும் நிறைய வேண்டும், இரவு முழுக்க வேண்டும், அது இந்த மேட்டைத் தாண்டித்தான் வரவேண்டும்.

அக்கா ஆண்களை மேட்டின் உச்சிக்கு அனுப்பினாள். "எல்லாரும் ஒக்காருங்க. காலை நீட்டி ஒக்காருங்க."

"என்னத்தா, பந்தியா போடப்போற?" என்றார் சம்மாட்டி. யாரும் சிரிக்கவில்லை. வரிசையாகக் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். நானும் பிள்ளையோடு அந்த வரிசையில் உட்கார்ந்தேன்.

வண்டி ஏறியது. கிளைகளுக்கு நேராக வந்தது. வால் நழுவியது. என் பக்கத்தில் நீட்டியிருந்த கால்கள் எல்லாம் துடித்தன. ஒருவன் குதிகாலை மணலில் புதைத்துக்கொண்டான். சம்மாட்டி, "என்னால பாக்க முடியாது" என்று உட்கார்ந்த வாக்கிலேயே திரும்பி ஊரைப் பார்த்துக்கொண்டார்.

தம்பி கீழ்ப்பக்கம் திருப்பினான். மணல் சரசரவென்று கூடவே சரிய, வண்டி அலை முதுகில் இறங்குகிற வள்ளம்போலச் சாய்வாக வழுக்கிக்கொண்டு போனது. அக்காவின் பக்கம் தரையைத் தொட்டுவிடும் போலிருந்தது. அவள் ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தான் விழப்போகிற தரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளிஞ்சல் நொறுங்குகிற சத்தம் கேட்டது. வண்டி ஒரு தடவை துள்ளி நின்றது.

யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கலாம் என்று அவள் சொல்லவில்லையே.

"என்னாச்சு?" என்றார் சம்மாட்டி, திரும்பாமல். "தண்ணி இருக்கா?"

அக்கா இறங்கினாள். வண்டியைச் சுற்றிவரவில்லை, சக்கரத்தைக் குனிந்து பார்க்கவில்லை. நேராகத் தொட்டிக்குப் போய் டிரம் ஒன்றை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். காலி டிரம்மாயிருந்தால் மேடு முழுக்க அதிர்ந்திருக்கும். இது மொத்தென்று கனமாக, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது போல ஒரு சத்தம். அடுத்ததையும் அடித்தாள். அதுவும் மொத்தென்றது. அவள் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போக, நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடத் தொடங்கினேன்.